குற்றாலத்தில் அரை விநாடி

வணக்கம் மக்களே! பின்னால் இரைச்சல் கேட்கிறதா? குற்றாலம். கொஞ்சம் கத்தித்தான் பேசியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் குளிக்க வரவில்லை. ஓடும் தண்ணீரை லாங் எக்ஸ்போஷரில், அதாவது கேமராவின் ஷட்டரை வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்து வைத்து, எடுத்துப் பார்க்க வந்திருக்கிறேன். இதுதான் முதல் தடவை.

பேரருவியில் காலையிலேயே கூட்டம் நெரிகிறது. அதனால் கீழே, சிற்றாறு பாறைகளுக்கு நடுவில் ஓடும் இடத்துக்கு வந்துவிட்டேன். மேலே விழும் அதே தண்ணீர்தான், இப்படியே போய்த் தாமிரபரணியில் கலக்கும்.

ட்ரைபாடைக் கரைப் பாறையில் நிறுத்தியிருக்கிறேன். ஓட்டத்துக்குள் வைத்தால் அதன் கால் அதிரும், படம் கலங்கிவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மலை மேல் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் ஒரு பையன் இறந்துபோனான். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியுமாக மிதந்து வந்தாலோ, படமாவது ஒன்றாவது என்று மேலே ஏறிவிடுங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 100. லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர், எஃப் 11. சாரல் மேகம் மூடியிருப்பதால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம், அதாவது ஷட்டர் ஸ்பீடு, 1/30 விநாடி காட்டுகிறது. இதில் தண்ணீர் இரண்டுங்கெட்டானாக விழுகிறது. துளித் துளியாகவும் நிற்கவில்லை, இழையாகவும் ஓடவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து ஷட்டரை இன்னும் நேரம் திறந்து வைக்க, அப்பர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கலாமே என்று தோன்றும். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி வளைந்து படமே மழுங்கும், வேண்டாம். அதற்குப் பதில் லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற, பளபளப்பை வெட்டும் ஃபில்டரை மாட்டினேன். வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்து 1/8 விநாடி வந்தது. நனைந்த பாறையின் பளபளப்பும் போய், பாசியின் பச்சை எழுந்து நிற்கிறது பாருங்கள்! அதன் மேல் ஒரு என்டி 4 ஃபில்டர், வெளிச்சத்தை இன்னும் கால்வாசியாக்கும் கறுப்புக் கண்ணாடி. அரை விநாடி கிடைத்துவிட்டது. கை பட்டு ஆடாமலிருக்க 2 விநாடி டைமர்.

இதுதான் அரை விநாடிப் படம். தண்ணீர் எந்தப் பாறையில் மோதி, எந்தச் சந்தில் திரும்பி, எங்கே சுழிக்கிறது என்று ஒவ்வொரு இழையும் தெரிகிறது. கண்ணால் பார்க்கும்போதுகூட இவ்வளவு தெரியவில்லை.

இப்போது பத்து ஸ்டாப் என்டி. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது, இதில் பத்து முறை பாதியாகும். வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றாக்கிவிடும். மாட்டியபின் வ்யூஃபைண்டரில் ஒன்றுமே தெரியாது, அதனால் முன்பே ஃபோகஸ் செய்து மேனுவலில் பூட்டிவிட வேண்டும். போலரைசரையும் சின்ன என்டியையும் கழற்றிவிட்டு 30 விநாடி வைத்தேன். வந்தது இதோ, பால் குடத்தைக் கவிழ்த்த மாதிரி. ஆறு எங்கே போயிற்று? மேலே மரக்கிளை வேறு காற்றில் ஆடிப் புகையாகிவிட்டது.

இணையத்தில் பலர் இதைத்தான் கொண்டாடுகிறார்கள். கன்னியாகுமரிக் கடலுக்கு இது பொருந்தலாம். அங்கே அலை வந்து வந்து போகும், 30 விநாடியில் எல்லாம் அடங்கிப் பாறை மட்டும் எஞ்சும். ஓடைக்கு வழி இருக்கிறது. அந்த வழியை அழித்துவிட்டு என்ன படம்? என் ஓட்டு அரை விநாடிக்குத்தான். வேண்டுமானால் ஒரு விநாடி வரை போகலாம்.

அப்புறம், நுரை சீக்கிரம் வெளிறிவிடும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பாவது குறைத்து வையுங்கள், இருட்டான பகுதியைப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். கேமரா இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஐபோனில் லைவ் ஃபோட்டோ எடுத்து லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஷட்டர் ஸ்பீடை நாமே வைக்கும் ப்ரோ மோடு இருக்கும், போனை எதிலாவது சாய்த்து அசையாமல் வைத்தால் போதும்.

சாரல் வலுக்கிறது, லென்ஸ் துடைக்கும் துணியும் நனைந்துவிட்டது. அடுத்து ஐந்தருவிக்குப் போய் அதே அரை விநாடியில் எடுக்கப் போகிறேன். அங்கே பிரச்சினை தண்ணீர் இல்லை. அருவிக்கடியில் இடித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களில் யார் அரை விநாடி சும்மா நிற்கப் போகிறார்கள்?