பெட்டிக்குள் வந்த படம்: ஒரு நெகட்டிவ், பல பிரதிகள்

[திரையில்: திரையரங்க வாசலில் இறக்கப்படும் தகரப் பெட்டி]

"பெட்டி வந்துவிட்டதா?"

படம் வெளியாகும் நாளில் திரையரங்க வாசலில் காத்து நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் படபடப்பு தெரியும். பெட்டிக்குள் இருந்தது 35 மி.மீ. பிலிம். ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, அதாவது 4 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு நீளத்தை எப்படிப் பிரதி எடுத்தார்கள்?

[திரையில்: படத்தொகுப்பு மேசை]

பிலிம் காலத்தில், கேமராவில் ஓடிய நெகட்டிவை எடிட்டர் தொடுவதில்லை. அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்ட் என்ற வேலைப் பிரதியைத்தான் வெட்டி ஒட்டுவார். அவர் முடித்தபின், பிலிமின் ஓரத்தில் இருக்கும் எண்களை ஒப்பிட்டு, அசல் நெகட்டிவை அதே இடங்களில் வெட்டுவார் நெகட்டிவ் கட்டர். வெட்டு தவறினால் அந்தக் கட்டம் (பிரேம்) போனதுதான். இத்தனை பொறுப்பைச் சுமந்தவர்களின் பெயர்கள் நம் நினைவில் இல்லையே என்பது என் ஆதங்கம்.

[திரையில்: ஓடும் பிரிண்டிங் இயந்திரம்]

இனி பிலிமைக் கழுவி அச்சிடும் லேபின் வேலை. நெகட்டிவும் புதிய பாசிட்டிவ் பிலிமும், படம் பதியும் மருந்துப் பூச்சு ஒன்றையொன்று தொட இயந்திரத்தில் சேர்ந்து ஓடும். நெகட்டிவை ஊடுருவும் ஒளி பாசிட்டிவில் பதியும். அந்த ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்பதை ஷாட் ஷாட்டாக முடிவு செய்வதுதான் கிரேடிங். ஒரே காட்சியில் பாதியைக் காலையிலும் மீதியை மாலையிலும் எடுத்திருப்பார்கள்; நாயகியின் முகம் இடையில் நிறம் மாறக் கூடாது. கண்ணை நம்பிச் செய்த கலை அது.

ஒலிக்குத் தனி நெகட்டிவ். அது படத்தின் ஓரத்தில் மெல்லிய கோடாக, தனக்குரிய படத்தைவிட ஏறத்தாழ 20 கட்டங்கள் முன்னதாக அச்சாகும். புரொஜெக்டரில் படம் காட்டும் இடமும் ஒலி படிக்கும் இடமும் வேறு வேறு என்பதே காரணம். படமும் ஒலியும் சேர்ந்த பிரதிக்கு மேரீட் பிரிண்ட் என்று பெயர்.

[திரையில்: நெகட்டிவில் ஒரு கீறல், மிக அருகில்]

ஒவ்வொரு பிரதிக்கும் நெகட்டிவ் மறுபடி இயந்திரத்துக்குள் போக வேண்டும். தூசி ஒட்டும், கீறல் விழும், ஓரத்துளைகள் கிழியும். இதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. அசலிலிருந்து இன்டர்பாசிட்டிவ் என்ற ஓர் இடைப் பிரதி, அதிலிருந்து இன்டர்நெகட்டிவ் என்ற ஒரு நகல் நெகட்டிவ் எடுத்து, திரையரங்கப் பிரதிகளை அதிலிருந்து அச்சிடலாம். அசல் பத்திரமாக இருக்கும். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை கூர்மை சற்றுக் குறையும். கூடுதல் பிலிமுக்குப் பணமும் வேண்டும். நம் நாட்டில் ஏராளமான படங்களுக்கு அசல் நெகட்டிவிலிருந்தே நேராகப் பிரதிகள் போட்டார்கள். திரையில் படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் படம் ஓட ஓடப் புதிய பிரதிகள் தேவைப்பட்டன. மக்கள் கொண்டாடிய படத்தின் நெகட்டிவே மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்ந்தது.

[திரையில்: திரவத்தில் நனைந்தபடி நகரும் பிலிம்]

அப்படிக் கீறல் விழுந்த நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்க 'வெட் கேட்' முறை உதவும். பிலிமைப் போலவே ஒளியை வளைக்கும் ஒரு திரவத்தில் அதை நனைத்து அச்சிடுவார்கள். திரவம் கீறலின் பள்ளத்தை நிரப்ப, ஒளி சிதறாமல் நேராகப் போகும். பிரதியில் அந்தக் கோடு தெரியாது. பிலிமில் மருந்துப் பூச்சு இல்லாத அடிப்பக்கத்துக் கீறல்களுக்கே இது முக்கியமாகப் பலிக்கும். மருந்துப் பூச்சையே பெயர்த்த கீறலில் நிரப்புவதற்குப் படம் அங்கே இல்லை.