காந்தமும் ஒளியும் ஒரே துகளில்

நேயர்களுக்கு வணக்கம். மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வருமே, சின்ன வயதில் நம்மில் பலரும் செய்து பார்த்ததுதான். அதில் பெரும்பங்கு மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அதையே சுமார் 10 நானோமீட்டர் துகளாக்கி, புற ஊதா விளக்கில் ஒளிரவும் வைப்பதுதான் என் வேலை. தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லாமே போர்வையில்தான் இருக்கிறது. 1963-இல் நாசாவில் ஸ்டீவ் பாப்பெல் என்ற பொறியாளருக்கு ஒரு சிக்கல். எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருள் தொட்டிக்குள் மிதந்து அலையும், குழாய்ப் பக்கம் வராது. எரிபொருளையே காந்தத்தால் இழுத்தால் என்ன? மேக்னடைட்டை மண்ணெண்ணெயில் போட்டு நாள்கணக்கில் அரைத்தார். கூடவே ஓலிக் அமிலம். நம் வீட்டுக் கடலை எண்ணெயில் நிறைய இருக்கிறதே, அதே அமிலம்! அது ஒவ்வொரு துகளையும் போர்த்திக்கொண்டது. இல்லாவிட்டால் எல்லாம் கட்டிதட்டி அடியில் உட்கார்ந்திருக்கும். காந்தத் திரவம் வந்த கதை இது.

இப்போது அரைக்க வேண்டியதில்லை. இரண்டு வகை இரும்பு உப்பைக் கரைத்து அமோனியா விட்டால் கரைசல் சட்டென்று கறுத்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. ஆனால் அந்தக் கறுப்புதான் தொல்லை. ஒளிரும் சாயத்தை நேரே அதன்மேல் ஒட்டினால், சாயம் வாங்கிய ஆற்றலை இரும்பு ஆக்சைடு பறித்துக்கொள்ளும், ஒளி அவிந்துவிடும். அதனால்தான் மறுபடியும் போர்வை என்கிறேன். 1968-இல் ஸ்டோபர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் காட்டிய வழியில், ஆல்கஹாலில் அமோனியா சேர்த்து சிலிக்கா, அதாவது கண்ணாடி போன்ற ஓடு வளர்க்கிறோம். சாயம் அந்த ஓட்டின் வெளிப்புறத்தில். ஓடு மெலிந்தால் ஒளி போகும். தடித்தால் துகளில் இரும்பின் பங்கு குறைந்து காந்த இழுப்பு மந்தமாகும். சில நானோமீட்டருக்குள் நடக்கும் இந்தப் பேரம்தான் உண்மையான கைவேலை.

இவ்வளவு சிறிய துகளில், காந்தத்தை எடுத்ததும் காந்தத்தன்மையும் மறைந்துவிடும். அதனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் திரும்பக் கலைந்துவிடும். ஓட்டின்மேல் எதிர்ப்புரதம், அதாவது குறிப்பிட்ட செல்லை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டும் புரதம், பதித்து இரத்த மாதிரியில் விட்டால், தேடும் செல்லைப் பிடித்துக்கொள்ளும். காந்தம் அதை ஓரத்துக்கு இழுக்கும், ஒளி அடையாளம் காட்டும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காட்மியம் என்ற உலோகம் கலந்த குவாண்டம் புள்ளிகள், அதாவது ஒளிரும் நானோ துகள்கள், பிரகாசமானவைதான், ஆனால் காட்மியம் நஞ்சு. உடம்புக்குள் விடும் எண்ணமிருந்தால், சிவப்பாக ஒளிரும் யூரோப்பியம் என்ற தனிமம் போன்றவற்றை முதலில் பாருங்கள் என்பதே மாணவர்களுக்கு நான் சொல்வது. நன்றி, வணக்கம்.