தோட்டத்துப் படப்பதிவுகளை மேகத்தில் வைத்துப் பார்ப்பது: ஏற்றுவதற்கு முன் ஆகவேண்டிய வேலை

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். மேசைமேல் நீங்கள் காணும் இந்தப் பெட்டியில் திருமண வீடியோ நாடாக்களும், மாரியம்மன் கோவில் திருவிழா விசிடிகளும், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டிப் பதிவுகளும் இருக்கின்றன. ஒரே தோட்டத்து லயங்களில் வளர்ந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் நிலம் வீடமைப்புக்குக் கைமாறியபோதும் பட்டணத்துத் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளுக்கும், அங்கிருந்து கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்றும் பிரிந்து போன குடும்பங்களுக்குப் பொதுச் சொத்தாக எஞ்சியிருப்பவை பெரும்பாலும் இந்தப் பதிவுகள்தாம். இவற்றை மேகச் சேமிப்பில், அதாவது இணையத்தின் வழியே ஒரு நிறுவனத்தின் கணினிகளில் வைத்து, அந்தக் குடும்பத்தார் எவரும் தம் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்க்கும்படி செய்வது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

எந்த நிறுவனத்தில் ஒரு டெராபைட் மலிவு என்ற கேள்வியில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். நான் அதைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறேன். ஏனெனில், படம் தடையில்லாமல் ஓடுமா, நின்று நின்று சுற்றுமா என்பது கோப்பை ஏற்றுவதற்கு முன்பே, அதை எந்த வடிவத்தில் தயாரித்தோம் என்பதில் பெருமளவு முடிவாகிவிடுகிறது.

யூடியூபில் பட்டியலிடப்படாத காணொலியாக ஏற்றிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். நம் பழைய திருமண வீடியோக்களில் தாலி கட்டும் காட்சிக்குக் கெட்டிமேளத்தைவிடத் திரைப்பாடல்தான் அதிகம் ஒலிக்கும். அன்றைய வீடியோக்காரர்கள் பாட்டுப் போடாமல் ஒரு படத்தைத் தொகுத்துக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. யூடியூபின் கண்டென்ட் ஐடி அமைப்பு அந்தப் பாட்டை இனங்கண்டுகொண்டால், உரிமையாளர் விரும்பியபடி அந்தக் காணொலி தடுக்கப்படலாம், அல்லது உங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு நடுவே விளம்பரம் ஓடலாம். சொந்தச் சேமிப்பில் வைத்துக் குடும்பத்துக்குள் மட்டும் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நான் பேசுவது நாமே எடுத்த, நமக்காக எடுக்கப்பட்ட பதிவுகளைப் பற்றி மட்டுமே. திரைப்படங்களை இப்படி வைத்து ஊருக்குப் பகிர்வது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வரும் வேறு விவகாரம், அது மலேசியச் சட்டம்.

இப்போது ஒரு விசிடியைக் கணினியில் போடுகிறேன், திரையைப் பாருங்கள். எம்பெக்ஏவி என்ற உறைக்குள், அதாவது ஃபோல்டருக்குள், ஏவிசீக்01 என்ற பெயரில், டாட் என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பு இருக்கிறது. அதுதான் படம். அகலம் 352 புள்ளி, உயரம் 288 புள்ளி. எம்பெக்-1 என்ற பழைய படச்சுருக்க முறையில் சுருக்கப்பட்டது. ஒலியையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 620 மெகாபைட். விசிடியில் படத்தரவு எழுதப்படும் பகுதிகளில், சாதாரணத் தரவு வட்டுகளில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தக் குறிகள் கிடையா. அவற்றுக்கான இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் சிறு கீறல் விழுந்தாலும் விசிடி திக்குகிறது. உங்கள் வீட்டில் விசிடி இருந்தால், நாடாவுக்கு முன்னால் அதைக் கவனியுங்கள் என்பேன். நாடாவில் பூசணம் பிடிக்கும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். விசிடியோ வெளிப்பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும், படிக்கும்போதுதான் அதன் குறை தெரியும்.

இந்த டாட் கோப்பை அப்படியே மேகத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? விஎல்சி போன்ற செயலி உள்ள கணினியில் ஓடும். ஆனால் இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றுக்கும் கைப்பேசி உலாவிகளுக்கும் அது விளங்காது. அப்போது நடுவில் இருக்கும் சேவைக் கணினி, பார்ப்பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். டிரான்ஸ்கோடிங் எனப்படும் இந்த வேலைதான் சிறிய கணினிகளை மூச்சுத் திணற வைக்கிறது. ராஸ்பெரி பை 5 என்ற கையளவுக் கணினியில், இன்று பரவலாக உள்ள படச்சுருக்க முறையான எச்.264 குறியாக்கத்துக்கான தனிச்சில்லு வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆகவே முழு வேலையும் அதன் மையச் செயலியின்மேல் விழுகிறது.

இதற்குத் தீர்வு, மாற்றும் வேலையை ஒரே ஒருமுறை, ஏற்றுவதற்கு முன், வீட்டிலேயே செய்துவிடுவது. படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி, இரண்டையும் தாங்கும் கோப்பு வடிவமாக எம்பி4 என்று வைத்துக்கொண்டால், பத்தாண்டுக்கு முந்திய தொலைக்காட்சிகூடப் பெரும்பாலும் மாற்றமின்றி ஓட்டிவிடும். அதற்கடுத்த முறையான எச்.265 இடத்தை மேலும் மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சிக்கு அது புரியுமா என்ற கவலை கூடவே வரும். நாடாவிலிருந்தும் டிவிடியிலிருந்தும் வரும், பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைப் படத்தில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனி நொடித்துளிகளைச் சேர்ந்தவை. அதைச் சீர்படுத்தாமல் விட்டால், தீமிதியில் ஓடுபவரின் கால்கள் சீப்புப் பல் போலத் தெரியும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இதற்கான வடிகட்டிகள் உள்ளன. அவற்றைப் போட்டு வினாடிக்கு 50 சட்டங்களாக ஆக்கிவிட்டால் உறுமி மேளக்காரர்களின் கையசைவு இயல்பாக வரும். ஒன்று, விசிடியின் சிறிய படத்தை 1080 வரிக்குப் பெரிதாக்கி ஏற்றாதீர்கள். இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது, கட்டணம் மட்டும் கூடும்.

அதே மென்பொருளில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்றொரு தேர்வு இருக்கிறது. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் மூவ் என்ற பகுதியை, பல மென்பொருள்கள் எழுதும் வசதிக்காகக் கோப்பின் இறுதியில் வைத்துவிடுகின்றன. பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் அச்சான புத்தகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு வீட்டு வன்தட்டில் இருந்தால் வேறுபாடே தெரியாது. மேகத்தில் இருந்தால், ஓட்டி முதலில் தலைப்பகுதியைக் கேட்டு, பிறகு வால்பகுதியைக் கேட்டு, மீண்டும் தலைக்கு வர வேண்டும்; தோட்டத்துக்குள் 4ஜி சமிக்ஞை ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்தில் இந்தப் போக்குவரத்தே பல வினாடி. ஃபாஸ்ட்ஸ்டார்ட் அந்தப் பகுதியை முன்னால் கொண்டுவந்துவிடுகிறது. படத்தின் தரம் துளியும் மாறாது.

பிட் அளவையும், அதாவது ஒரு வினாடிப் படத்துக்கு எவ்வளவு தரவு செலவாகிறது என்பதையும், பார்த்துக்கொள்ள வேண்டும். நாடாவிலிருந்து எடுத்த படத்துக்கு வினாடிக்கு 2 மெகாபிட் போதும், மணிக்கு 0.9 கிகாபைட். ஏவிசிஎச்டி கேம்கோடர்களில் எடுத்த எம்டிஎஸ் கோப்புகளோ வினாடிக்கு 24 மெகாபிட் வரை போகும், மணிக்கு 10.8 கிகாபைட். அவற்றின் மூலப்பிரதியை வீட்டில் இரண்டு வன்தட்டுகளில் வைத்துவிட்டு, 5 மெகாபிட் அளவில் ஒரு பார்வைப் பிரதியை மேகத்துக்கு அனுப்புவதே என் வழக்கம். ஏற்றும் வேகத்தையும் கணக்கில் எடுங்கள். வினாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 500 கிகாபைட் போய்ச்சேர, இடையில் ஒருமுறைகூட அறுந்துபோகாவிட்டாலும், நான்கரை நாளுக்கு மேல் ஆகும்.

இனி விலை. வைப்பதற்கான வாடகை ஒன்று, திரும்ப எடுப்பதற்கான கட்டணம் இன்னொன்று. விளம்பரத்தில் முதலாவது பெரிதாக இருக்கும், இரண்டாவதைத் தேடிப் படிக்க வேண்டும். அமேசானின் மேகச் சேமிப்புச் சேவையான எஸ்3இன் அமெரிக்க வட்டார வழக்கமான கட்டணத்தில் ஒரு கிகாபைட் வைக்க மாதம் 2.3 அமெரிக்க சென், வெளியே எடுக்க, மாதத்தில் முதல் 100 கிகாபைட்டுக்குப் பிறகு, கிகாபைட்டுக்கு 9 சென். உங்கள் 500 கிகாபைட்டையும் ஒரே மாதத்தில் ஒருமுறை முழுமையாகத் திரும்ப எடுத்தால் 36 டாலர். அந்த மாத வாடகையோ பதினொன்றரை டாலர்தான். திருமண வீடியோ ஒன்றைத் தீபாவளி வாரத்தில் உறவினர் அனைவரும் பார்க்கத் தொடங்கினால் இந்தக் கட்டணம் எப்படி ஏறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பேக்பிளேஸ் பி2 என்ற சேமிப்புச் சேவை வேறு வகை: 2023 அக்டோபரில் டெராபைட்டுக்கு மாதம் 5 டாலரிலிருந்து 6 டாலராக உயர்த்தியபோது, நீங்கள் வைத்திருக்கும் அளவைப்போல் மூன்று மடங்குவரை எடுப்பதை இலவசமாக்கியது. பார்ப்பதற்காகவே வைக்கும் சேமிப்புக்கு இந்த மாதிரிதான் பொருந்தும். டாலரை ரிங்கிட்டாக்கும்போது, வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாகியிருக்கும் சேவை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பற்ற இடம் என்ற சொல்லை நான் நம்புவதில்லை. அமேசான் தன் வரம்பற்ற சேமிப்புத் திட்டத்தை 2017இல் கைவிட்டது. மேகத்திலிருந்தே படம் ஓட்டிக்காட்டிய பிளெக்ஸ் கிளவுட் 2018 நவம்பரில் மூடப்பட்டது. கூகுள் ஃபோட்டோஸின் அளவில்லா இலவச ஏற்றம் 2021 ஜூன் முதல் நின்றது. இரண்டாண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. காலமான பெரியவர் ஒருவரின் கணக்கில் படங்கள் இருக்கின்றன, கெட்டா போய்விடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேகத்தையும் தொலைக்காட்சியையும் இணைக்க நான் பயன்படுத்துபவை இரண்டு இலவச மென்பொருள்கள். நிக் கிரெய்க்-வுட் உருவாக்கிய ஆர்குளோன், மேகத்தில் இருக்கும் உறையை உங்கள் கணினியின் ஓர் உறையாகவே காட்டும். ஜெல்லிஃபின், அந்த உறையிலுள்ளவற்றைப் படத்தோடும் தலைப்போடும் அடுக்கித் தொலைக்காட்சிக்கு அனுப்பும். எம்பி (Emby) என்ற இதே வகை மென்பொருளின் நிறுவனம் தன் மூலநிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்ததுதான் ஜெல்லிஃபின். இதே வேலையைச் செய்யும் பிளெக்ஸும் நல்ல செயலிதான், ஆனால் 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து வீட்டுக்கு வெளியே பார்ப்பதற்குக் கட்டணம் கேட்கிறது. வெளியூரில் இருப்பவர்களுக்காகவே இதைச் செய்யும் நமக்கு அது ஒத்துவராது.

ஆர்குளோனில் உறையைப் படிக்க மட்டும் என்று இணையுங்கள். கைதவறி எவரும் அழித்துவிட முடியாது. அதன் தற்காலிகச் சேமிப்பான விஎஃப்எஸ் கேஷை முழுநிலைக்கு மாற்றி அதற்கு ஓர் அளவு வரம்பும் வையுங்கள். ஒருமுறை பார்த்த பகுதி உங்கள் வட்டிலேயே தங்கும். அடுத்த முறை பிள்ளைகள் அதே நடனத்தைக் கேட்கும்போது மேகத்துக்குப் போகவேண்டியதில்லை. ஜெல்லிஃபினில் அத்தியாயப் படங்களை எடுப்பது, படத்தை முன்னும் பின்னும் நகர்த்தும்போது சிறு படம் காட்டும் டிரிக்பிளே முன்னோட்டம் ஆகிய இரண்டையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அவை சிறு படங்களைத் தயாரிப்பதற்காகச் சேமிப்பு முழுவதையும் படித்துத் தள்ளும், எடுப்புக் கட்டணம் எவரும் பார்க்காமலேயே ஏறும். மின்சாரம் போய்த் திரும்பினால் ஆர்குளோன் இணைப்பு முதலில் எழுந்து, அதன்பிறகே ஜெல்லிஃபின் தொடங்குமாறு வரிசைப்படுத்துவதும் அவசியம்.

வெளியூரில் இருப்பவர் பார்க்கும் பாதையையும் யோசிக்க வேண்டும். ஜெல்லிஃபின் சுங்கை சிப்புட்டில், கோப்பு மேகத்தில், பார்ப்பவர் சிங்கப்பூரில் என்றால், படம் மேகத்திலிருந்து இங்கே இறங்கி, மீண்டும் இங்கிருந்து ஏறி அங்கே போகிறது. நம் வீட்டு இணைப்பின் ஏற்றும் வேகம்தான் அவருடைய எல்லை. அவர் வீட்டிலேயே ஒரு சிறு கணினியை வைத்து, அதில் ஆர்குளோனைப் போட்டு நேராக மேகத்திலிருந்து எடுக்கச் செய்வது நல்லது. வீட்டு வலையமைப்பில் உள்ள தொலைக்காட்சிக்குப் படங்களைக் காட்டும் டிஎல்என்ஏ சேவை ஆர்குளோனிலேயே இருக்கிறது. அதைத் தொடங்கினால், வேறு எதுவும் நிறுவாமல், அந்த வீட்டுத் தொலைக்காட்சியின் ஊடகப் பட்டியலில் நம் உறைகள் தோன்றும். அலங்காரம் இருக்காது. என் அனுபவத்தில் வயதானவர்களுக்கு அதுவே பழகிக்கொள்ள எளிது.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஆர்குளோனின் கிரிப்ட் முறை, மேகத்துக்குப் போகுமுன் கோப்பையும் அதன் பெயரையும் மறையாக்கிவிடும். நிறுவனத்தார்கூடப் படிக்க முடியாது என்பதால் குடும்பப் படங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் வழக்கமான அமைப்பில் மூலப்பெயர் ஏறக்குறைய 143 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். கோவில் என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து, உள்ளே ஆறு குறியீடு, ஆக 18 பைட். இந்தக் கணக்கில் பெயர் முழுவதும் 25 எழுத்தைத் தாண்டுவதே கடினம். மணமக்கள் இருவர் பெயர், பெற்றோர் பெயர், மண்டபத்தின் பெயர் என்று அழைப்பிதழையே கோப்புப் பெயராக்கும் பழக்கம் இங்கே செல்லாது. ஆண்டையும் மாதத்தையும் எண்ணில் முன்னால் போட்டு, பிறகு ஒன்றிரண்டு சொல் எழுதுங்கள். மற்ற விவரங்களை ஜெல்லிஃபினின் விளக்கப் பகுதியில் தாராளமாகச் சேர்க்கலாம். தோட்டத்தின் பழைய பெயரையும், தோட்டத்தின் எந்த டிவிஷன், அதாவது எந்தப் பிரிவு என்பதையும் அங்கே மறவாமல் குறித்துவையுங்கள்.

ஏற்றி முடித்ததும் ஆர்குளோனின் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, வீட்டுப் பிரதியும் மேகப் பிரதியும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே நாடாவைப் பெட்டியில் கட்டி வையுங்கள். கிரிப்ட் கடவுச்சொல் தொலைந்தால் மீட்டுத்தர எவராலும் இயலாது. அதற்கு உப்பு என்ற இரண்டாவது சொல்லும் வைத்திருந்தால் இரண்டுமே வேண்டும். இரண்டையும், கணக்கின் மின்னஞ்சலையும், மாதக் கட்டணம் எந்த அட்டையில் கழிகிறது, அந்த அட்டை எப்போது காலாவதியாகிறது என்பதையும் தாளில் எழுதி, ஊரில் ஒரு வீட்டிலும் வெளியூரில் ஒரு வீட்டிலுமாக வையுங்கள்.