ஒரு பிக்சலில் எது தெரிய வேண்டும்?

[திரை: கறுப்புப் பின்னணியில் கோடுகளால் மட்டும் வரைந்த ஒரு கார். முன்பக்கக் கோடுகளும் பின்பக்கக் கோடுகளும் கலந்து தெரிகின்றன.]

இது ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1972ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் முன்னோடியான பேராசிரியர் ஐவன் சதர்லாந்தின் மாணவர்கள் அவர் வீட்டுக் காரின் மேலேயே புள்ளிகளும் கோடுகளும் வரைந்தார்கள். ஒவ்வொரு புள்ளியையும் கையால் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். வகுப்பு வேலைதான். ஆனால் அந்த எண்கள் அடுத்து ஆய்வுக்குச் சோதனைப் பொருளாயின. யூட்டாவில் பாடமும் ஆராய்ச்சியும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

யூட்டாவின் கணினி அறிவியல் துறையை டேவிட் எவன்ஸ் 1960களின் நடுவில் கட்டியெழுப்பத் தொடங்கினார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்பு பணம் தந்தது. 1968ல் சதர்லாந்து வந்து சேர்ந்தார். அங்கே மாணவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறவில்லை. பெரும்பாலோர் ஒரே பிரச்சினையைச் சுற்றி வந்தார்கள்: திண்மமான ஒரு பொருளைத் திரையில் நம்பும்படியாகக் காட்டுவது எப்படி?

[திரை: அதே கார். பின்பக்கக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.]

முதல் தடை, எது முன்னால், எது மறைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. தூரத்தில் இருப்பதை முதலில் வரைந்து, அதன் மேல் அருகில் இருப்பதை வரையலாமே என்று தோன்றும். மூன்று முக்கோணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சுற்றி வளைத்துக் கிடந்தால்? எதை முதலில் வரைந்தாலும் தவறு. 1974ல் சதர்லாந்தும் இன்னும் இருவரும் சேர்ந்து, இதற்காக அதுவரை வந்திருந்த பத்து வழிமுறைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதினார்கள். பெரும்பாலானவை கெட்டிக்காரத்தனமாக வரிசைப்படுத்தும் முறைகள்.

அதே ஆண்டு எட் கேட்மல் தன் யூட்டா ஆய்வேட்டில் வரிசையையே விட்டுவிட்டார். ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு இன்னொரு எண்ணையும் வைத்துக்கொள்: இங்கே இதுவரை வரைந்ததில் மிக அருகில் இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? புதிதாக ஒரு புள்ளி வருகிறது. அதன் தூரம் குறைவா? நிறத்தையும் தூரத்தையும் மாற்று. அதிகமா? தூக்கிப் போடு. அவ்வளவுதான். இதுதான் இசட்-பஃபர். பெர்லினில் வொல்ஃப்காங் ஸ்ட்ராஸரும் அதே 1974ல் தனியாக இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார்.

சரி, இவ்வளவு எளிது என்றால் எல்லோரும் முதலிலேயே ஏன் செய்யவில்லை? மெமரி. 512க்கு 512 படம் என்றால் 2,62,144 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு எண் என்பது அன்றைக்குப் பெரிய செலவு. பிறகு மெமரி மலிவானது. இன்று படம் வரைவதற்கென்றே உள்ள சிப்பான ஜிபியு ஒவ்வொன்றிலும் இந்த ஒப்பீடு வன்பொருளிலேயே நடக்கிறது.

[திரை: பட்டை பட்டையாகத் தெரியும் ஒரு கோளம். பிறகு வழவழப்பாகிறது. பிறகு அதன் மேல் ஒரு வெள்ளை மினுக்கம்.]

அடுத்தது ஒளி. 1971ல் ஆன்ரி கூரோ, முக்கோணத்தின் மூன்று முனைகளில் மட்டும் நிறத்தைக் கணக்கிட்டு, நடுவில் படிப்படியாகக் கலந்தார். பட்டைகள் மறைந்தன. ஆனால் மினுக்கம் முக்கோணத்தின் நடுவில் விழுந்தால் அது தொலைந்துபோகும். முனைகளுக்கு அது தெரியாதே. வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங் 1973ல் அதே யூட்டாவில் இதைச் சரிசெய்தார். நிறத்தைக் கலக்காமல், பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசையைக் கலந்து, ஒவ்வொரு பிக்சலிலும் ஒளியைப் புதிதாகக் கணக்கிட்டார். 1975ல் இறந்தபோது அவருக்கு வயது 32. அவர் பெயர் இல்லாத கிராபிக்ஸ் பாடத்திட்டம் அரிது.

அங்கிருந்து போனவர்களின் கதை தனி வீடியோவுக்கானது: ஜான் வார்னாக் அடோபியையும், ஜிம் கிளார்க் சிலிக்கான் கிராபிக்ஸையும் தொடங்கினார்கள். கேட்மல் பிக்சாரைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது, 2019க்கானது, கிராபிக்ஸ் ஆய்வாளர் பாட் ஹன்ரஹனோடு அவருக்குக் கிடைத்தது.

[திரை: காலியான ஒரு எடிட்டர். கர்சர் துடிக்கிறது.]

இப்போது பாடத்துக்கு வருவோம். நல்ல கிராபிக்ஸ் வகுப்புகள் பலவற்றில் மாணவர்கள் ஒரு ரெண்டரரை, அதாவது முப்பரிமாணப் பொருளைப் படமாக்கும் நிரலை, தாங்களே எழுதுகிறார்கள். முதல் சில வாரங்களாவது ஓப்பன்ஜிஎல் போன்ற தயார்நிலை கிராபிக்ஸ் நூலகம், ஜிபியு எதுவும் இல்லாமல் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூலகத்தில் ஒரு வரியில் கிடைப்பதற்குப் பின்னால் ஒருவருடைய ஆய்வேடு இருக்கிறது. அதை ஒருமுறை கையால் எழுதினால்தான், படம் பிழையாக வரும்போது எங்கே தேடுவது என்று தெரியும்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒன்றை ஒன்று ஊடுருவும் இரண்டு முக்கோணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் வைத்திருக்கும் பட்டியலை மிகப் பெரிய எண்ணால் நிரப்பி, இரண்டையும் எந்த வரிசையிலாவது வரையுங்கள். வெட்டும் கோடு தானாகவே சரியாக வரும். அப்புறம் இரண்டையும் ஒரே தளத்தில் வைத்து, கேமராவை மெதுவாக நகர்த்துங்கள். இரு நிறங்களும் மாறி மாறிப் புள்ளியாகச் சிதறும். இரண்டின் தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாகி, கணக்கின் சிறு பிழையே எது முன்னால் என்று முடிவு செய்கிறது. தூரத்தைச் சேமிக்க எத்தனை பிட் ஒதுக்கினீர்கள் என்று அப்போது யோசித்துப் பாருங்கள்.