ஆரல்வாய்மொழியில் காற்று, என் டயரில் இல்லை

வணக்கம் மக்களே. இந்த வாரம் மாத்தூர் தொட்டிப்பாலம் போவோம் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். போகவில்லை. இதோ, இந்தப் பின் சக்கரம்தான் காரணம்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றுகின்றன, ஹெல்மெட்டையே பிடுங்கப் பார்க்கும் காற்று. என் டயரில் மட்டும் காற்று மூன்று நாள் தங்க மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தால் வியாழக்கிழமை 19. உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினாலும் இப்படித்தான் மெதுவாக இறங்கும் என்பதால் பஞ்சர் கடைக்குப் போனேன்.

எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். அவர் டயரை ஒரு சுற்றுச் சுற்றினார், பள்ளத்தில் சிக்கியிருந்த சிறு கல்லைக் கண்டார், "இதுதான்" என்றார். தண்ணீர்கூடத் தெளித்துப் பார்க்கவில்லை. குத்தூசியை இறக்கி, ரப்பர் திரியைச் செருகி, 150 ரூபாய் வாங்கினார். யோசித்துப் பாருங்கள், இல்லாத ஓட்டையை அடைக்க முதலில் ஓட்டை போட்டிருக்கிறார்! அதற்கு நான் 150 கொடுத்திருக்கிறேன்! குளச்சலில் ஒரு நேரத்துக்கு மீன் வாங்கியிருக்கலாம். அடுத்த வியாழன், மறுபடி 19.

ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் பச்சைத் திரவத்தை வாங்கச் சொல்லிப் பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. சக்கரம் சுழலும்போது அது தரையைத் தொடும் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும், ரிம், அதாவது டயர் உட்காரும் உலோக வளையத்தின் ஓரத்துக்கு வராது. அப்புறம் டயரைக் கழற்றுகிறவர் நம்மைத் திட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, காற்றைக் கொஞ்சம் கூட்டி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தெளித்தேன். முதலில் வால்வு. எச்சில் தொட்டு வைத்தால் போதும் என்பார்கள், ஆனால் வால்வுத் தண்டை இப்படிப் பக்கவாட்டில் வளைத்தும் பார்க்க வேண்டும். குமிழி இல்லை. அந்த 150 ரூபாய்த் திரியிலும் இல்லை, வேலை சுத்தம்தான், இடம்தான் தவறு. அப்புறம் இடப்பக்கம், டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பில், நெத்திலிக் கண் அளவுக்கு வரிசையாகக் குமிழிகள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

திங்கள்நகரில் வேறொரு கடை. அந்த அண்ணன் டயரைக் கழற்றியதும் உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பொடி. அலாய் வீல் என்பது அலுமினியம், கடல் உப்பு அதை அரித்துப் பொடியாக்குகிறது. அந்தப் பொடி டயரைத் தூக்கிப் பிடித்த இடைவெளியில்தான் காற்று ஒழுகியிருக்கிறது. முட்டம் கடற்கரையில் தினமும் வண்டியை நிறுத்திவிட்டு ஏத்தங்காய் வற்றல் தின்பவன் யார்? நான்தான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், என் வண்டிக்கு நான் ஒரு நாளும் நல்ல தண்ணீர் ஊற்றியதில்லை.

உப்புத்தாளால் விளிம்பு முழுக்கத் தேய்த்தார். பளபளக்கத் தேவையில்லை, விரலில் சொரசொரப்புப் படக் கூடாது, அவ்வளவுதான். டயரின் விளிம்பையும் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி மாட்டினார். காற்று ஏறும்போது டப், டப் என்று இரண்டு சத்தம், டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. கேட்கச் சுகமாக இருந்தது.

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. மாட்டுவதற்கு முன் வால்வையும் புதிதாக மாற்றிவிட்டார், பழையதன் அடியில் ரப்பர் வெடிக்கத் தொடங்கியிருந்தது. டயர் பக்கத்தில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். எங்கள் அவசரத்தில் தலைகீழாக மாட்டியிருப்போம். எல்லாம் சேர்த்து 200 ரூபாய். முதலிலேயே இங்கே வந்திருந்தால் அந்த 150... சரி, விடுகிறேன்.

இன்று பதினோராவது நாள். காலையில் வண்டி ஓடும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது அளக்கிறேன். இதோ பாருங்கள், 27.5. அந்த அரையும் காற்றை அளக்கும் மானியை எடுக்கும்போது புஸ்ஸென்று போனதுதான், ஒழுகவில்லை, சத்தியம். இனி முன் சக்கரம். சோப்புத் தண்ணீர் மிச்சமிருக்கிறது.