அதே மூளை, வேறு மார்க்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இராமானுஜன் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டி, கணித ஆற்றலுக்கு மதிப்பெண் போட்டபோது தனக்கு 25, தன்னோடு வேலை செய்த லிட்டில்வுட்டுக்கு 30, ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுஜனுக்கு 100 கொடுத்தாராம், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், பிறவித் திறமைதான் ஜெயிக்கும் என்று முடித்தார். நானும் தட்டினேன், கும்பகோணத்துப் பையனுக்கு நூறு என்றால் யாருக்குத்தான் தட்டத் தோன்றாது. ஆனால் இன்றைக்கு நமக்குக் கொடுத்த தலைப்பு, கல்விப் போட்டியில் வெற்றி தருவது பிறவித் திறமையா, கடின உழைப்பா என்பது. போட்டி என்றால் தேர்வு, ரேங்க், சீட்டு. அந்தப் போட்டியில் இராமானுஜன் என்ன ஆனார் என்பதை மட்டும் நண்பர் வசதியாக விட்டுவிட்டார்.

1904-ல் பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, உதவித்தொகை போனது. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. தேர்வை, அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலக் கல்லூரித் தேர்வை, 1906-ல் எழுதினார், தேறவில்லை. 1907-ல் மறுபடி எழுதினார், அப்போதும் தேறவில்லை. ஹார்டி நூறு போட்ட அதே மூளைக்கு நம்ம ஊர்த் தேர்வில் ஃபெயில்! ஆங்கிலத்துக்கும் உடலியலுக்கும் அவர் உழைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். தேர்வு முறையே சரியில்லை என்று எதிரணி சொல்லும். நானும் சொல்வேன், ஆனால் அது வேறொரு பட்டிமன்றத்துக்கான தலைப்பு.

சரி, கணக்கில் மட்டும் அவருக்கு எல்லாம் சும்மா வந்ததா? பதினாறு வயதில் கையில் கிடைத்த ஒரு புத்தகத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் இருந்தன, பலவற்றுக்கு நிரூபணம் கிடையாது, சும்மா வரிசையாக அடுக்கியிருக்கும். அதை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதி, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. இதையெல்லாம் கனவில் அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயார் சொன்னது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நமக்குப் பிடிக்கும், ஏனென்றால் அந்த முழங்கையைப் பற்றி நாம் யோசிக்கவே வேண்டாம் பாருங்கள்.

அந்தப் புத்தகத்தை எழுதிய கார் என்பவர் யார் தெரியுமா? லண்டனில் டியூஷன் வாத்தியார். கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்தவர். இந்த டிரைபாஸ்தான் என் கட்சிக்குப் பெரிய சாட்சி, அதனால் நடுவர் கொஞ்சம் கூடுதல் நேரம் தர வேண்டும். அந்தக் காலத்தில் அதில் முதலிடம் வந்தால் சீனியர் ராங்ளர், ஊரே கொண்டாடும். 1854-ல் அந்தத் தேர்வு எட்டு நாள் நடந்தது. 16 தாள்கள், மொத்தம் 44 மணி நேரத்துக்கு மேல். அந்த வருடம் எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், மின்காந்தச் சமன்பாடுகளின் மேக்ஸ்வெல், நியூட்டனுக்கும் ஐன்ஸ்டீனுக்கும் நடுவில் நிற்கிறவர். அவர் எத்தனாவது வந்தார்? இரண்டாவது. முதலிடம் எட்வர்ட் ரவுத் என்பவருக்கு.

ரவுத் யாரென்று தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்கும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்களைக் கேளுங்கள், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ரவுத் அட்டவணை போட்டு அரியர் வைத்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். இரண்டு பேரும் ஹாப்கின்ஸ் என்ற ஒரே பயிற்சியாளரிடம் படித்தவர்கள். மேக்ஸ்வெல்லின் பள்ளித் தோழர் டெய்ட், அவரே 1852-ல் சீனியர் ராங்ளர். அவர் எழுதிய நினைவுக் குறிப்பின் சாரம் இதுதான்: மேக்ஸ்வெல்லின் தலைக்குள் வயதுக்கு மீறிய அறிவு குவிந்து கிடந்தது, ஆனால் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தது, தேர்வுக்கேற்ப அதை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் மிகக் குறைவு, வெறும் மூளை பலத்திலேயே இரண்டாம் இடம் வந்தார். எதிரணி இப்போது சிரிப்பது தெரிகிறது, பார்த்தீர்களா, மூளை பலம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே என்று. சொன்னேன் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். மேக்ஸ்வெல் அளவுக்கு மூளை இருந்தால் உழைக்காமல் இரண்டாம் இடம் வரை வரலாம். அந்த அளவுக்கு மூளை உள்ளவர்கள் இந்த அரங்கில் இருந்தால் கை தூக்குங்கள், நான் இப்போதே மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

அப்புறம் ரவுத்தே பயிற்சியாளர் ஆனார், அவரிடம் படித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சீனியர் ராங்ளர் ஆனார்கள். பல வருடங்கள் தொடர்ந்து முதலிடம் அவருடைய மாணவருக்கே. பிறவி மேதைகள் எல்லாரும் விலாசம் விசாரித்துக்கொண்டு ஒரே வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார்களா என்ன?

ஆனால் இன்றைக்கு உலகம் மேக்ஸ்வெல்லைத்தானே கொண்டாடுகிறது என்று கேட்பார்கள். கொண்டாடட்டும். மின்சாரமும் காந்தமும் இயங்கும் விதத்தை விளக்க விஞ்ஞானி ஃபாரடே சொன்ன விசைக்கோடுகளைப் பற்றி 1855-ல் யோசிக்க ஆரம்பித்தவர், முழு நூலாகக் கொண்டுவந்தது 1873-ல். பதினெட்டு வருடம்! அதுவும் எங்கள் கட்சிக் கணக்கில்தான் வரும்.

இன்றைய கணித மேதை டெரன்ஸ் டாவோவைச் சொல்வீர்கள். பத்து வயதில் சர்வதேச கணித ஒலிம்பியாடில் பதக்கம், அது சாதாரணமா? சாதாரணம் இல்லைதான். ஆனால் 1986-ல் அவர் வாங்கியது வெண்கலம், 1987-ல் வெள்ளி, 1988-ல் தங்கம். பிறவியில் வந்தது மூன்று வருடமும் அதேதானே, பதக்கத்தின் நிறம் ஏன் மாறியது? வயது ஏறினால் மூளை தானாக வளரும் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். வளரும்தான், ஆனால் அவரோடு சேர்ந்து உலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் வயது ஏறியது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன், இங்கே எனக்கே கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம் இருக்கிறது. நீட் பற்றி நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் நீட் வருவதற்கு முந்தைய 2016-17-ல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் முந்தைய வருடமே பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 12 சதவீதம் அளவில்தான். 2020-21-ல் அது 71 சதவீதம். போன வருடம் கிடைக்காத சீட்டு இந்த வருடம் கிடைக்கிறது, நடுவில் யாருக்கும் புது மூளை வைக்கவில்லை, ஒரு வருடம் உட்கார்ந்து படித்தார்கள். என் கட்சிக்கு இதைவிட நேரடியான ஆதாரம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குக் கோச்சிங் ஃபீஸ், ஹாஸ்டல், சம்பாதிக்காமல் வீட்டில் இருக்க ஒரு பிள்ளைக்கு அனுமதி, எல்லாம் வேண்டும். உழைப்பது என் கையில்தான் இருக்கிறது, உழைக்க நேரம் கிடைப்பது என் கையில் இல்லை. எங்கள் அணியில் சில பேர் இதைச் சொல்ல மாட்டார்கள், உழைத்தால் போதும் என்று பேசிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது.

அதனாலேயேதான் இந்தப் பிறவித் திறமைப் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அது பெரும்பாலும் மேதைகளைப் பாராட்டுவதற்குப் பயன்படுவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்து ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு வருகிற பெண்ணிடம், உனக்குக் கணக்கு வராதும்மா, வேறு குரூப் எடு என்று சொல்வதற்குத்தான் பயன்படுகிறது. அவள் வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறாளா, டியூஷனுக்குப் போக வழி உண்டா என்று யாரும் கேட்பதில்லை, வராது என்ற ஒரு சொல்லில் எல்லாருடைய பொறுப்பும் கழிந்துவிடுகிறது. நம் பழைய வெண்பா ஒன்று பிறவிக் குணம் எதெது என்று சொல்லும்போது நட்பையும் தகையையும் கொடையையும்தான் சொல்கிறது, கல்வியை மனப்பழக்கத்தில் சேர்த்துவிட்டது. நாம் என்னடாவென்றால் கல்வியைப் பிறவிக் கணக்கில் எழுதிவிட்டு, கொடைக்கு மட்டும் பழக்கம் இல்லை என்று சாக்குச் சொல்கிறோம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்து வருகிற எதிரணி நண்பர் இராமானுஜனை மறுபடி அழைத்து வரலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மைக்கைப் பிடித்ததும் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். போன வருடம் நீட்டில் தவறி இந்த வருடம் சீட்டு வாங்கிய பிள்ளைக்கு, அந்தப் பிறவித் திறமை எந்த மாதத்தில் பிறந்தது?