ராகிக்கு மாறியும் சுகர் இறங்கவில்லையா? தட்டையும் மீட்டரையும் சேர்த்துப் பாருங்கள்

வணக்கம் மக்களே. நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள். "அரிசியை விட்டுவிட்டேன், காலையில் ராகிக் கஞ்சி, ராத்திரி கோதுமை தோசை, அப்படியும் சுகர் இறங்கவே இல்லையே, ஏன்?" இன்றைக்கு அதை மட்டும் பேசலாம்.

மேசையில் நான்கு கிண்ணம் இருக்கிறது, பாருங்கள். அரிசி, ராகி, தினை, குதிரைவாலி. எதுவும் சமைக்காதது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். மற்ற மூன்றிலும் 60 முதல் 67 கிராம் வரை. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்திலும் சுண்ணாம்புச்சத்திலும் ராகி அரிசியைவிட ரொம்பவே மேல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மளமளவென்று ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். தானியத்தை மாற்றினோம், சரி. அளவைக் குறைத்தோமா? அதுதான் கேள்வி.

லோ கார்ப் என்று பொதுவாகச் சொல்வது ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து. 100 கிராம் சாதத்தில் 28 கிராம் இருக்கிறது. மதியம் நாம் தட்டில் போட்டுக்கொள்கிற சாதம் 300 கிராம் என்றால், ஒரே வேளையில் 84 கிராம் ஆகிவிட்டது. அப்புறம் காலை இட்லி, சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி எல்லாம் இருக்கிறதே!

அதற்காகச் சோற்றையே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற, நாடு முழுக்க நடந்த சர்க்கரை நோய் ஆய்வை வைத்து 2022-இல் ஒரு கட்டுரை வந்தது. நம் நாட்டில் சாப்பாட்டுச் சக்தியில் அறுபது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதை 50, 55 சதவீத அளவுக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதம் வரை ஏற்றினாலே நல்ல பலன் கிடைக்கலாம் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். இது நம் வீட்டில் நடக்கக்கூடிய காரியம். பொரியலும் கூட்டும் தட்டில் பாதி. கீரை, அவரைக்காய், புடலங்காய், கோவைக்காய், எது கிடைத்தாலும் சரி. முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல் என்று ஏதாவது ஒன்று கால் பங்கு. மிச்சக் கால் பங்குதான் சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால், சாப்பிட்ட பின் சுகர் ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய் கணக்கில் வராது, அவை சோற்றோடு சேர்ந்தவை.

சரி, உங்கள் உடம்புக்கு எவ்வளவு சோறு தாங்கும்? அதை மீட்டர்தான் சொல்லும். இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், அமெரிக்கர், பொறியாளர். 12 வயதிலேயே டைப் 1 சர்க்கரை நோய் வந்தவர். 1969 வாக்கில் ரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி ஒன்று வந்தது. விலை 650 டாலர், டாக்டர்களுக்கு மட்டுமே விற்பார்கள். அவருடைய மனைவி டாக்டர் என்பதால் அவர் பெயரில் வாங்கி, நாள் முழுக்கத் தானே குத்திக் குத்திப் பார்த்தார். மாவுச்சத்தைக் குறைத்தால் சுகர் ஏறி இறங்குவது அடங்குகிறது என்பதை அப்படித்தான் கண்டார். பிறகு நாற்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து டாக்டரானார். 2025-இல் இறந்தபோது வயது 90. அவர் கடைப்பிடித்தது மிகக் கடுமையான உணவுமுறை, அதை அப்படியே எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். அவர் அளந்த விதம்தான் எனக்கு முக்கியம்.

ஸ்ட்ரிப் விலை அதிகம், தெரியும். தினமும் வேண்டாம். ஒரு சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாய் வைக்கும் முன் ஒரு தடவை, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு, சாப்பிட்ட பின் 180-க்குக் கீழே இருப்பது பொதுவான இலக்கு. 240 வந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த முறை சோற்றைப் பாதியாக்கிப் பாருங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டோஸைக் குறைக்காமல் சாப்பாட்டில் மட்டும் மாவுச்சத்தைக் குறைத்தால் சுகர் 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. டபாகிளிஃபிளோசின், எம்பாகிளிஃபிளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடலாம், மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலேயே. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாக எதையும் தொடங்க வேண்டாம்.

அதனால் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். "சோற்றைப் பாதியாக்கப் போகிறேன், எந்த மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும்? கிரியாட்டினின் எவ்வளவு இருக்கிறது, புரதம் எவ்வளவு சாப்பிடலாம்?" என்று நேராகக் கேளுங்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சுகர் தாழ்ந்துபோகும் ஆபத்து குறைவு, ஆனாலும் சொல்லிவிட்டே தொடங்குங்கள். சைவக்காரர்கள் புரதத்துக்கு என்ன செய்வது என்று அடுத்த வீடியோவில் சமைத்தே காட்டுகிறேன். வரட்டுமா?